துபாஷியின் மௌனம்: எஸ்.ஆர். நாதனை வாசித்தல்

என் தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் இதை நான் பெரும்பாலும் சொல்வதில்லை. மலேசியத் தமிழ்க் கதைகளைக் கொஞ்சமாவது வாசித்தவர்களுக்குக் காரணம் புரியும். நம் தோட்டக் கதைகளில் துரைக்கு அடுத்த வில்லன் கிராணிதான். விடியற்காலைப் பெரட்டில் செக்ரோலை நீட்டிப் பெயர் கூப்பிடுகிறவன், தாமதமாக வந்தவளைத் திருப்பி அனுப்புகிறவன், துரையிடம் ஒன்றும் ஜனங்களிடம் வேறொன்றும் பேசுகிறவன். அவனுக்குள் என்ன ஓடியது என்று கேட்ட கதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டபோது, எங்கள் தோட்டத்தில் பெயர் எழுதிக் கொடுத்தவர் தாத்தா. போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை என்று ஊரில் சொல்வார்கள். தாத்தா அதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. பாட்டி மட்டும் ஒருமுறை சொன்னார்: “கேட்டான், எழுதிக் குடுத்தாரு. குடுக்காட்டி அவரு பேருதான்டா மொதல்ல இருந்திருக்கும்.” அதோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

சிங்கப்பூரின் முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதனின் தன்வரலாற்றை நான் வாங்கியதற்கு இதுதான் காரணம். பிராஸ் பசா கட்டடத்துப் பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்தில் கிடந்த அந்த ஆங்கில நூலைப் புரட்டியபோது ‘மூவார்’ என்ற ஊர்ப்பெயர் கண்ணில் பட்டது. என் ஊரிலிருந்து அரைமணி நேரம். ஜப்பானியர் காலத்தில் அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பையன், பேசுகிறான். என் தாத்தா பேசாத இடத்திலிருந்து ஒருவர் பேசியிருக்கிறார் என்ற எண்ணம்தான் என்னைக் காசு கொடுக்க வைத்தது.

*

இளைய வாசகர்கள் சிலருக்கு நாதன் என்றால் பள்ளிச் சுவரில் தொங்கிய படம் மட்டும்தான். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1924இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சிறுவயது மூவாரில். அப்பா ரப்பர் தோட்டங்களோடு தொடர்புடைய வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. 1930களின் ரப்பர் வீழ்ச்சியில் குடும்பம் நொடிந்தது. நாதனுக்கு 8 வயதாகும்போது அப்பா தற்கொலை செய்துகொண்டார். பள்ளியிலிருந்து இரண்டு முறை விலக்கப்பட்டு, தாயோடு பிணங்கி 16 வயதில் வீட்டை விட்டு ஓடியவர். போருக்குப் பிறகு வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1954இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயம் பெற்றார். மருத்துவச் சமூகப் பணியாளர், 1956இல் கடலோடிகள் நல அதிகாரி, 1962 முதல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவு, 1966இல் வெளியுறவு அமைச்சு, 1971 முதல் 1979 வரை தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவு, பிறகு வெளியுறவு அமைச்சின் நிரந்தரச் செயலாளர். 1988இல் கோலாலம்பூருக்குத் தூதர், 1990 முதல் 1996 வரை வாஷிங்டனில் தூதர். 1999 முதல் 2011 வரை இரண்டு தவணை அதிபர். இரண்டு முறையும் போட்டியில்லை. 2016இல் மறைந்தார்.

இந்தப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். ஜப்பானிய அதிகாரிக்கும் ஊர் ஜனங்களுக்கும் நடுவே, கப்பல் முதலாளிக்கும் கடலோடிக்கும் நடுவே, தொழிற்சங்கத்துக்கும் அரசுக்கும் நடுவே, நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே. பதவியின் பெயர் மாறிக்கொண்டே போகிறது, நிற்கிற இடம் ஒன்றுதான். பழைய தமிழில் இதற்கொரு சொல் இருந்தது: துபாஷி. இரண்டு மொழி தெரிந்தவன், இரண்டு பக்கத்துக்கும் தேவைப்பட்டவன், இரண்டு பக்கத்தின் சந்தேகத்துக்கும் ஆளானவன். கிராணி அந்த வம்சத்தின் ஏழைப் பங்காளி, தூதர் பணக்காரப் பங்காளி.

*

2011இல், அதிபர் பதவியிலிருந்து இறங்கிய சூட்டோடு வெளிவந்த நூல் ‘அன் அன்எக்ஸ்பெக்டட் ஜர்னி’. எழுத்தில் துணை நின்றவர் டிமத்தி ஆகர். எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்தது முதல் பகுதி. அப்பாவின் சாவு, கடன், உறவினர் வீடுகளில் ஒண்டிக் கிடந்தது, ஓடிப்போனது எல்லாம் வறண்ட நடையில் சொல்லப்படுகின்றன. நம் எழுத்தாளர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் அந்தச் சாவுக்கு மட்டும் ஐம்பது பக்கம் ஒப்பாரி வைத்திருப்பார். நாதன் கோப்பில் குறிப்பெழுதுவது போல எழுதிவிட்டு நகர்கிறார். அந்த வறட்சி இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. 8 வயதில் அழுது முடிக்காத ஒருவர் 87 வயதில் அழமாட்டார் என்பதை நம்ப முடிகிறது.

ஜப்பானியர் காலத்தையும் அவர் ஒளிக்கவில்லை. ஜப்பான் மொழி கற்றார், அவர்களுக்கு மொழிபெயர்த்தார், அதனால் சோறு கிடைத்தது. தேசபக்தி வேடம் எதுவும் போடாமல் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். சயாம் ரயிலையும் அந்தக் காலத்தையும் எழுதிய ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள் போனவர்களின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. அது நியாயம்தான், முதலில் எழுதப்பட வேண்டியதும் அதுதான். ஆனால் அந்த ரயிலுக்கு ஆள் போக ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலுக்கு ஒரு பேனா வேண்டும். அந்தப் பேனாவைப் பிடித்த கை நம் புனைவில் ஒரு நிழலாக மட்டும் வந்துபோகிறது. நாதனின் மூவார் அத்தியாயங்கள் எனக்கு முக்கியமாகப்படுவது இதனால்தான். அவர் பட்டியல் எழுதியவர் என்று நான் சொல்லவில்லை. அந்த மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞனின் நாள்கள் எப்படி இருந்தன என்பதை முதல் ஆளாக நின்று ஒரு தமிழர் சொல்கிறார் என்கிறேன்.

அதே மூவாரில்தான் 1942இல் உர்மிளாவைச் சந்திக்கிறார். வங்காளக் குடும்பம். தமிழ்ப் பையனை அவர்கள் ஏற்கவில்லை. 1958இல்தான் கல்யாணம். 16 வருடக் காத்திருப்பு. பின்னாளில் பேச்சுவார்த்தை மேசைகளில் அவர் காட்டிய பொறுமைக்கு எங்கே பயிற்சி எடுத்தார் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

*

பிறகு அரசாங்க வேலை தொடங்குகிறது. அங்கேயே எழுத்தின் தன்மையும் மாறுகிறது.

உடனே அல்ல. கடலோடிகளைப் பற்றிய பகுதியில் இன்னும் உயிர் இருக்கிறது. வேலை வாங்கிக் கொடுக்கும் தரகர்களுக்குச் சம்பளத்தில் பங்கு அழுதுவிட்டு, கடனிலேயே அடுத்த கப்பல் ஏறியவர்களை அவர் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். இந்த அனுபவத்தைத் தனியாகவும் ஒரு சிறு நூலாக எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘ஒய் ஆம் ஐ ஹியர்?’ நான் ஏன் இங்கே இருக்கிறேன்? ஒரு நல அதிகாரி கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான். ஆனால் அவருடைய முழு வாழ்க்கைக்கும் இதையே தலைப்பாக வைத்திருந்தால் எப்படிப்பட்ட புத்தகம் கிடைத்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

தொழிலாளர் ஆய்வுப் பிரிவுக்கு வரும்போது அந்தக் கேள்வி காணாமல் போகிறது. 1960களின் தொடக்கத்தில் சிங்கப்பூர்த் தொழிற்சங்க இயக்கம் இரண்டாக உடைந்திருந்தது. ஒரு பக்கம் தேவன் நாயர் முன்னின்ற என்டியுசி, மறுபக்கம் இடதுசாரிகளின் சாட்டு. 1963 பிப்ரவரியில் ஆப்பரேஷன் கோல்ட்ஸ்டோர் கைதுகள். அதே ஆண்டு சாட்டுவுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. நாதன் வேலை பார்த்த பிரிவு என்டியுசி சங்கங்களுக்கு நடுவர் மன்ற வழக்குகளைத் தயாரித்துக் கொடுத்தது. அந்த வேலை உண்மையானது, தொழிலாளர்களுக்குப் பயன்பட்டது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களும் தொழிலாளர்கள்தானே? அவர்கள் சிறைக்குப் போனபோது இவருக்குள் என்ன நடந்தது? ஜப்பானியருக்கு வேலை பார்த்ததைத் தயங்காமல் சொன்ன மனிதர், தன் சொந்த அரசாங்கத்துக்கு வேலை பார்த்ததைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகத்தைக்கூடப் பக்கத்தில் விடுவதில்லை. தோற்றுப்போன எஜமானனைப் பற்றிப் பேசுவது எளிது, ஜெயித்த எஜமானனைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம்.

லாஜு சம்பவம் இதற்கு ஒரு விதிவிலக்கு. 1974 ஜனவரி 31 அன்று, ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்த இருவரும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்த இருவரும் புலாவ் புக்கோமில் ஷெல் எண்ணெய் நிலையத்தைத் தாக்கிவிட்டு, ‘லாஜு’ என்ற படகைக் கடத்தி அதன் ஊழியர்களைப் பணயம் வைத்தார்கள். ஒரு வாரப் பேச்சுவார்த்தைக்குப் பின், பணயக் கைதிகளுக்கு ஈடாக சிங்கப்பூர் அதிகாரிகள் 13 பேர் கடத்தல்காரர்களோடு குவைத்துக்கு விமானம் ஏறினார்கள். தலைமை நாதன். திரும்பி வருவோமா என்று தெரியாமல் போன பயணம். இந்தப் பக்கங்களில் நடை மறுபடி விழித்துக்கொள்கிறது. காரணம் எளிமையானது. அந்த ஒரு வாரம் அவர் வெறும் நடுவர் அல்ல, அவர் உடம்பே பேரத்தில் வைக்கப்பட்ட பொருள்.

ஆனால் அதே உளவுப் பிரிவில் அவர் கழித்த மற்ற ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது கை சுருங்கிவிடுகிறது. 1982இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்துக்குச் செயல் தலைவராக அனுப்பப்பட்டபோது செய்தியாளர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டினார்கள். உளவுப் பிரிவிலிருந்து ஒருவர் பத்திரிகைக்குத் தலைமை தாங்க வருகிறார் என்றால் வேறென்ன செய்வார்கள்? உடைந்தால் ஒட்டலாம், ஆனால் பழையபடி ஆகாத பீங்கான் கிண்ணம் போன்றது இந்தப் பத்திரிகை என்று லீ குவான் இயூ எச்சரித்து அனுப்பியதை நாதனே பதிவு செய்திருக்கிறார். அருமையான இடம். ஆனால் கிண்ணத்தைக் கையில் வாங்கியவரின் கைநடுக்கம் நமக்குக் காட்டப்படுவதில்லை. கிண்ணம் உடையவில்லை என்பதோடு கதை முடிகிறது.

தூதராக இருந்த காலத்துக்கு ஜொகூர்க்காரனான நான் ஆவலோடு வந்தேன். அவர் கோலாலம்பூரில் இருந்த 1988இல்தான் லிங்கியூ அணைக்கான புரிந்துணர்வில் லீயும் மகாதீரும் கையெழுத்திட்டார்கள். எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் இன்றைக்கும் ‘தண்ணி’ என்று யாராவது ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஓடும். மூவாரில் வளர்ந்த ஒருவர், எல்லைக்கு மறுபக்கத்தின் தூதராக, தன் பழைய நாட்டிலேயே அந்நியராக வந்து உட்காரும்போது என்ன உணர்ந்தார்? இந்தக் கேள்விக்கு நூல் கொடுப்பது மரியாதையைத்தான். சந்தித்தவர்களின் பெயர்கள், நல்லுறவு, கவனமாக அளந்து வைத்த சொற்கள். வாஷிங்டனும் அப்படித்தான். 1994இல் கார்களைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக மைக்கல் ஃபே என்ற 18 வயது அமெரிக்கப் பையனுக்கு 6 பிரம்படி விதிக்கப்பட்டு, அதிபர் கிளிண்டனின் வேண்டுகோளுக்குப் பின் 4 ஆகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க ஊடகங்களுக்கு முன்னால் அந்தத் தண்டனைக்கு நியாயம் சொல்ல வேண்டிய ஆள் நாதன். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்ற வாதத்தை அவர் திறமையாக வைத்தார். ஆனால் வீட்டை விட்டு ஓடி, பள்ளியிலிருந்து இரண்டு முறை விலக்கப்பட்ட ஒரு 16 வயதுப் பையன் அந்தத் தூதருக்குள் எங்கோ இருந்திருப்பானே? அவன் ஃபேயைப் பார்த்து என்ன நினைத்தான்? நூலின் முதல் பகுதியை எழுதியவரிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தப் பையனை நமக்கு அறிமுகம் செய்து வைத்தவரே அவர்தான்.

*

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “அவரு அரசாங்க ஆளு லா. ரகசியக் காப்புச் சட்டம் இருக்கு, பொறுப்பு இருக்கு. நீ என்ன நாவலா கேக்குற?” நியாயமான கேள்வி. தூதருக்கு முதல் பாடமே தன்னைக் கழித்துக்கொண்டு பேசுவதுதான். தன்வரலாற்றுக்கு முதல் பாடம் தன்னைச் சேர்த்துக்கொண்டு பேசுவது. 30 வருடம் ஒன்றைப் பழகியவரிடம் ஓய்வுபெற்ற மறுநாள் மற்றதைக் கேட்கலாமா?

கேட்கலாம் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் நம் மொழியில் ஒருவர் அதைச் செய்திருக்கிறார். புதுச்சேரியில் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், போன சரக்கு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யார் தன் பதவிக்குக் குழி பறிக்கிறார், டூப்ளேயின் மனைவி மீது தனக்குள்ள ஆத்திரம் எல்லாம் அதில் இருக்கின்றன. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது, இடித்த அரசாங்கத்தின் ஆள் அவர். அந்த நாள்களின் பதிவைப் படித்துப் பாருங்கள். துயரமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, தன் மீது பழி வராமல் கணக்குப் போடும் புத்தியும் அதே பக்கத்தில் இருக்கிறது. எஜமானனுக்கு உழைத்துக்கொண்டே அவனை எடைபோடுகிற மனம் அது. நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற கவலை அந்த எழுத்தில் குறைவு. பிள்ளை இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1846இல்தான் அந்தக் குறிப்புகள் வெளியே தெரியவந்தன.

ஒருவர் தனக்காகத் தமிழில், பேச்சு நடையில் எழுதினார். மற்றவர் நாட்டுக்காக ஆங்கிலத்தில், துணை எழுத்தாளரோடு எழுதினார். வித்தியாசத்தை மொழியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. யாரை நினைத்து எழுதினார்கள் என்பதே காரணம். பிள்ளைக்கு எதிரே வாசகர் இல்லை. நாதனுக்கு எதிரே ஒரு நாடே உட்கார்ந்திருந்தது. அதுவும் சிறுபான்மை இனத்திலிருந்து உயர்ந்த ஒருவரைத் தன் வெற்றியின் சான்றாகக் காட்டுகிற நாடு. சான்றாக நிற்கிறவரால் சந்தேகப்பட முடியாது. முதல் பகுதியில் நாம் பார்த்த பையன் போகப்போக அந்தச் சான்றிதழுக்குள் மறைந்துபோகிறான்.

நாதனைக் குறை சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் அது எனக்குச் சௌகரியமாக முடிந்துவிடும். ஆனால் நம் எழுத்தாளர்களும் அவரைப்போலவே பாதி வழியில் நின்றவர்கள்தாம். அவர் மேலிருந்து எழுதி நடுவில் நின்றவனைத் தப்பிக்க வைத்தார். நாம் கீழிருந்து எழுதி அவனுக்குத் தண்டனை கொடுத்துவிட்டோம். பெரட்டில் நின்ற கிராணி வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றியபின் யாராக இருந்தான் என்பது இரண்டு எழுத்திலும் இல்லை. இன்றைக்கு நம்மில் பலர் அந்த நடு இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். மனிதவளத் துறையில் ஆள்குறைப்புக் கடிதம் அடிக்கிறவர், வங்காளதேசத் தொழிலாளியின் விடுப்பை முதலாளியிடம் ‘விளக்குகிற’ மேற்பார்வையாளர், மருத்துவமனையில் தமிழ்க் கிழவிக்கு மருத்துவர் சொன்னதைப் பாதி குறைத்துச் சொல்கிற தாதி. இவர்களைப் பற்றிய கதையும் இவர்களே எழுதுகிற கதையும் எங்கே?

இந்த நூலை அதனால்தான் பரிந்துரைக்கிறேன். முழுதாக வாசியுங்கள், முக்கியமாக அது சுருங்குகிற இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுகளில் ஒவ்வொன்றும் ஒரு சிறுகதைக்கான இடம்.

*

2016 ஆகஸ்ட் 26. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கலாசார மண்டபத்தில் நாதனின் அரசாங்க இறுதிச் சடங்கு. தலைவர்களும் வெளிநாட்டுப் பிரமுகர்களும் அமர்ந்திருந்த அந்த அரங்கில், ‘பொற்காலம்’ படத்தில் ஊர் ஊராக மண் எடுத்துப் பொம்மை செய்கிறவன் பாடும் பாட்டு ஒலித்தது. அவருக்குப் பிடித்த பாட்டாம். நேரலையில் அதைக் கேட்டபோது என் அம்மா சட்டென்று சமையலை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றார். “இந்தப் பாட்டா? அவருக்கா?” என்றார். 600 பக்கங்களுக்கு மேல் வாசித்தும் நான் அறியாத ஒரு ஆள் அந்த நாலு நிமிடத்தில் வெளியே வந்ததுபோல எனக்கு இருந்தது.

பல ஊர் மண் சேர்ந்த பொம்மை, பல்லினச் சிங்கப்பூரின் உருவகம் என்று செய்தித்தாள்கள் பாட்டின் பொருளை ஆங்கிலத்தில் விளக்கின. இருக்கலாம். எனக்கென்னவோ அது ஒரு குயவன் தன் பொம்மையிடம் தனியாகப் பேசுகிற பாட்டாகவே கேட்டது. மொழிபெயர்த்தே வாழ்ந்தவரின் கடைசி ஆசையையும் யாரோ மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

அம்மா பாட்டு முடியும்வரை நின்றுகொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலேயே, தாத்தாவுக்கும் பாட்டென்றால் உயிர் என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை.